இரண்டு கம்பி

ஆவுடையப்பன் பெரியப்பா
பாபநாசம் தடத்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர்.
கிழிந்த பத்து ரூபாயை
நெரிசலில் நாலாய் மடித்து நீட்டினாலும்
விரல் நுனியே சொல்லிவிடும் அவருக்கு.
"வேற குடும்" என்பார்,
விசிலை உதட்டிலிருந்து எடுக்காமலே.

அவரிடம்தான்
பதினெட்டாயிரத்து ஐந்நூறை
வாசலில் வைத்தே வாங்கிப் போயிருக்கிறான்
டை கட்டிய ஒரு பையன்.

நாலு மாதம் மூச்சு விடவில்லை மனுஷன்.
ஃபேன் ரெகுலேட்டர் மாற்றப் போன அன்று
அடுக்களைச் சுவரில் நான்தான் பார்த்தேன்.
வெள்ளை டப்பா, நீல விளக்கு.
திருப்புளியால் மூடியைத் திறந்தால்
ஒரு துண்டு ஸ்பாஞ்ச், ஒரு பிடி கரி.
"இதுக்கு எவ்வளவு குடுத்திய?"
"கெடக்கட்டும்டே. கையெழுத்து நான்தான போட்டேன்."

வண்ணார்பேட்டையில்
டயர் கடைக்கு மேல் மாடி அவர்கள் ஆபீஸ்.
முதல் தடவை, மேனேஜர் மதுரையில்.
இரண்டாம் தடவை, மேனேஜர் மீட்டிங்கில்.
நடுவில் ஒரு ரிஜிஸ்டர் தபால் போட்டேன்,
நுகர்வோர் கோர்ட் என்ற வார்த்தையை
மூன்று இடத்தில் கோடிட்டு.
அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை மட்டும்
ஒழுங்காய்த் திரும்பி வந்தது.

மூன்றாம் தடவை பெரியப்பா வந்தார்.
பாஸ் இருந்தும் டிக்கெட் எடுத்தார்.
சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடை வரைக்கும்
ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர்
இன்ஜின் இரைச்சல் கூடிய ஒரு ஏற்றத்தில்
சொல்ல ஆரம்பித்தார்.

"உங்க பெரியம்ம எப்படிப் போனான்னு கேட்டான்டே.
கிட்னின்னேன்.
நம்ம குழாத் தண்ணிய கிளாஸ்ல பிடிச்சு
ரெண்டு கம்பிய உள்ள விட்டு
சுவிச்சப் போட்டான்.
ஒரு நிமிஷந்தான்.
சாக்கடை மாதிரி ஆயிட்டு.
இதத்தான தாத்தா அவங்க குடிச்சிருக்காங்கன்னான்.

குழா வாரதுக்கு முன்ன
ராத்திரி ட்ரிப் முடிச்சு வந்து
ஆத்துல கோரிக் கொண்டாந்து ஊத்துனது நான்.
வேற யாரு?"

அதற்குப் பிறகு வண்ணார்பேட்டை வரை
பேச்சில்லை.
நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபது வருஷமாய் ஒயர் பிடிக்கிற கை.
பணம் பணம் என்று
நானும்தான் அலைந்திருக்கிறேன்.

மேனேஜர் அன்றைக்கு இருந்தார்.
அவர்கள் மிஷின் தண்ணீரையே இரண்டு கிளாஸ் நீட்டினார்.
"நல்ல தண்ணியா?"
"சுத்தம் சார், நூறு சதம்."
அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொடுங்க என்றேன்.
சாப்பாட்டு மேஜையில் பொட்டலம் உப்பு இருந்தது.
ஒரு சிட்டிகை போட்டு
சுவிட்சை நானே அழுத்தினேன்.

மெதுவாய், மஞ்சளாய், பிறகு
செம்மண் காட்டில் மழை பெய்த மாதிரி.

"பெரியப்பா, இது துரு.
தண்ணில இருந்து வரல, கம்பில இருந்து வருது.
அவன் உங்க தண்ணில விட்டது இரும்பு.
மிஷின் தண்ணில விட்டது அலுமினியம்."

மேனேஜர் காலண்டரைப் பார்த்தார்.
பெரியப்பா கிளாஸைக் கையில் எடுத்து
வெளிச்சத்துக்குத் தூக்கி
வெகுநேரம் பார்த்தார்,
செல்லாத நோட்டைப் பார்ப்பாரே, அப்படி.

பதினாலாயிரத்துக்கு அங்கேயே செக்.
மிச்சத்துக்கு இன்னொரு தபால், ஒன்றரை மாதம்,
போலீசில் இருக்கிற என் மச்சினன் பெயர்
ஒரே ஒரு தடவை.
நாலாயிரம் வந்தது.
ஐந்நூறு 'சர்வீஸ் சார்ஜ்' என்று நின்றுபோனது.

அவர் பணத்தை எண்ணவில்லை.
வீட்டில் இன்னொரு தடவை செய்துகாட்டு என்றார்.
குழாய்த் தண்ணீரில் அலுமினியக் கம்பி விட்டேன்.
சோறு களைந்த தண்ணீர் போல
லேசாய் ஒரு வெண்மை, அவ்வளவுதான்.
வேறு செம்பில் பிடித்து
அண்ணாந்து குடித்தார், தொண்டை ஏறி இறங்க.
பெரியம்மா படத்துப் பக்கம் திரும்பவில்லை.
திரும்புவார் என்று நான் நினைத்திருந்தேன்.

"அந்த ஐந்நூற விட்டுத் தள்ளுங்க" என்றேன்.
சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து
ரசீதின் முதுகில் 500 என்று எழுதி
அடியில் ஒரு கோடு இழுத்தார்.
சில்லறை இல்லாத நாளில்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவாரே, அதே சாய்வு.

என்னிடம் நீட்டினார்.
"எறங்கும்போது கேட்டு வாங்கிக்கிடணும்டே.
மறந்துராத."