ஆடிக் காற்று, பங்குனி இரவு

எங்கள் கம்பெனிக்குக் கயத்தாறில் மூன்று காற்றாலைகள்.
ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
எண்களாகத் தெரியும்: பதினேழு, பதினெட்டு, இருபத்திரண்டு.
இருபத்திரண்டுக்குப் போன ஆடியில் கியர்பாக்ஸ் போயிற்று.
ஊரே பறக்கிற காற்றில்
பதினோரு நாள் சும்மா நின்றது.
அந்த நஷ்டத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

இங்கே மணலியில் இரும்பை உருக்கி வார்க்கிறோம்.
பம்பு உறைகள், வால்வு உடல்கள்.
உலை கண் விழித்தால்
எங்கள் தெரு ஒரு வாரம் எரிக்கும் மின்சாரத்தை
டீ ஆறுவதற்குள் குடித்துவிடும்.

ஏன் காற்றில் பணம் போட்டோம் என்று
பங்குதாரர்களுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்
டைரக்டர் தணிகாசலம்.
பூமி, வெப்பம், பிறக்கப்போகும் பிள்ளைகள் என்று
ஆரம்பித்திருந்தேன்.
படித்தார். அடிக்கவில்லை.
அம்புக்குறி போட்டுக் கீழே இறக்கினார்.

"அது கடைசி பாரா, பிலோமினா.
முதல் வரி: ஈபியை விட யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் கம்மி.
அப்புறம் தேய்மானம்."
இன்னும் சுற்றவே தொடங்காத இறக்கை
பாதி தேய்ந்துவிட்டதென்று
வருமான வரிக்காரரிடம் சொல்லலாமாம். சட்டமே சொல்கிறதாம்.
அப்புறம் ஹாம்பர்க்.
வால்வு வாங்குகிறவன் அனுப்பும் படிவத்தில் பதினாலாம் கேள்வி:
உங்கள் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் சுத்தமானது?
அந்தக் கட்டம் காலியாகப் போனால்
ஆர்டர் ராஜ்கோட்டுக்குப் போகும்.
"நிலக்கரி கப்பலில் வரணும், விலை ஏறும்.
காத்து எனக்கு என்னைக்காவது பில் அனுப்பிச்சிருக்கா?"

பொய் ஒன்றுமில்லை அதில்.
பிள்ளைகள் கடைசி பாராவில் பத்திரமாக இருந்தார்கள்.

உலைக்காரர் தேசப்பன் கேட்டார்:
"இன்னா மேடம், கயத்தாத்துக் காத்துலதான்
நம்ம உலை எரியுதாமே? ஒயரு எந்தப் பக்கமா வருது?"
ஒயர் வரவில்லை, கணக்கு வருகிறது என்றேன்.
அங்கே ஏரியில் ஒரு குடம் ஊற்றுகிறோம்,
இங்கே ஒரு குடம் மொள்கிறோம்.
ஏரி ஒன்றுதான்.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
அத்திப்பட்டுப் பக்கம், வானத்தில் ஊன்றின மாதிரி புகைபோக்கிகள்.
"அப்ப ஊத்துறது அங்க,
மொள்றது இத்துலருந்துன்னு சொல்லு."

பதில் என்னிடம் இருந்தது, இரண்டு பக்கத்துக்கு.
சொல்லவில்லை.

எர்ணாவூரில் எங்கள் மொட்டைமாடிக் கொடியை
வாடை வீசும் மாதங்களில்
துடைத்துவிட்டுத்தான் துணி போடுவேன்.
விரலில் சாம்பல், மாவு போல.
இந்தக் காற்றுக்கு மீட்டர் கிடையாது.
எந்தக் கட்டத்திலும் இதை நான் நிரப்பியதில்லை.

ஆடியில் மிஞ்சின காற்றை
யூனிட் யூனிட்டாகக் கணக்கில் போட்டு வைத்திருந்தோம்.
மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவில் காலாவதி.
அன்று மாலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்,
நாற்பத்தோராயிரத்து அறுநூறு பாக்கி.
தணிகாசலத்தை எழுப்பாமல்
தேசப்பனைக் கூப்பிட்டேன்.
மூன்றாவது உலையையும் மூட்டினார்.
கியர்பாக்ஸ் போகாத இரண்டின் ஆடிக் காற்று
பங்குனி இரவில் சிவப்பாக வழிந்து
அச்சுகளுக்குள் இறங்கியது.
ஒயர் எந்தப் பக்கமாக வந்ததோ.
பன்னிரண்டுக்கு எட்டாயிரம் மிஞ்சிச் செத்தது.

விடிகாலை ஷேர் ஆட்டோவில் வரும்போது
ஒரு புகைபோக்கி மட்டும் புகையவில்லை.
பராமரிப்பாக இருக்கும்.
இரண்டு ரூபாயாகவும் இருக்கலாம்.

மாடிக்குப் போய்க் கொடியைத் துடைத்தேன்.
துணி குறைவாகக் கறுத்ததா என்று பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தேன்.
குறைவுதான்.
ஆனால் பங்குனியில் காற்று தெற்கிலிருந்து.
காட்டுப்பள்ளியில் எவளோ ஒருத்தி
இந்நேரம்
தன் கொடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.