எடைக்கு ஒரு ஆள்

எடையை மட்டும் குறைத்து எழுதாதீர்கள், ஐயா.
வயதில் பொய் சொல்லுங்கள்,
நீச்சல் தெரியும் என்றுகூடச் சொல்லுங்கள்,
மிதக்கச் சட்டை இருக்கிறது, கடல் மன்னித்துவிடும்.
காற்று படிவம் படிப்பதில்லை.
இந்த விஞ்சின் முன் பதினோரு வருடம் நிற்கிறேன்;
கயிறு விறைக்கும் விதத்தில்
காலையில் எத்தனை முட்டை தின்றீர்கள் என்று
என் உள்ளங்கைக்குத் தெரியும்.

கூடினால் தூக்காது.
குறைந்தால் அதைவிட மோசம்:
பாராசூட் தலையாட்டும், பக்கவாட்டில் இழுக்கும்,
ஆளைக் கொடியில் போட்ட துணியாக்கிவிடும்.

போன பிப்ரவரியில்
மரியேவ் என்று ஒரு பெண், கியூபெக்கிலிருந்து,
தனியாக வந்தாள். நாணல் மாதிரி.
நாற்பத்தாறு கிலோ. உண்மையாகவே எழுதியிருந்தாள்.
அன்றைக்குக் காற்றுக்குப் பேய் பிடித்திருந்தது.
ஒற்றையாக அனுப்ப முடியாது என்றேன்.
நாளைக்கு விமானம் என்றாள்.

இக்னேஷியஸ் சுக்கானை விடாமலே
கரையைப் பார்த்து விசிலடித்தான்.
யூலாலி இளநீர் சீவிக்கொண்டிருந்தாள்.
"எடைக்கு ஒரு ஆள் வேணும்!
பத்து நிமிஷம், சும்மா தொங்கினாப் போதும்!"
"எவ்வளவு தருவே?"
"அறுபது."
"நனையுமா?"
"நனையாது."
அரிவாளை மணலில் குத்திவிட்டு வந்தாள்.
படிவத்தில், எடை என்ற இடத்தில்,
'போதுமான அளவு' என்று எழுதினாள்.

கொக்கியை நான்தான் மாட்டினேன்.
செருப்பைக் கழற்றியபோது
பாதத்தின் குறுக்கே ஒரு நீளத் தழும்பு,
புயலன்று பறந்த தகரம் கிழித்தது.

கயிறு ஓடியது. முந்நூறு அடி.
மஞ்சளும் சிவப்புமாய்க் குடை விரிந்தது,
அடியில் இரண்டு ஜோடிக் கால்கள்.
மேலிருந்து எதுவும் காதில் விழாது;
சிரிப்பா கூப்பாடா,
கீழே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்று.
மரியேவ் கைநீட்டிக் கைநீட்டி
பவளப்பாறையையோ ஆமையையோ காட்டிக்கொண்டிருந்தாள்.
யூலாலி கடலைப் பார்க்கவே இல்லை.
கழுத்தை முறுக்கி
ஊரைப் பார்த்தாள்.
ஒரு விரல் மட்டும் காற்றைக் குத்திக்கொண்டே இருந்தது.

"பயந்துட்டா, இறக்கு" என்றான் இக்னேஷியஸ்.
விஞ்சைத் திருப்பினேன்.
அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.
இன்னும் கயிறு விடு.
விட்டேன்.

இறங்கியவள் தண்ணீர் கேட்கவில்லை, பேனா கேட்டாள்.
படிவத்தைத் திருப்பி
முதுகில் எழுதினாள்: அறுபத்து மூன்று.
"என்னது?"
"நீலம்."

புயல் போய்ப் பதினேழு மாதம்.
கூரை போன வீடுகளுக்கு வந்தது
நீலத் தார்ப்பாய்.
சாலையில் நின்றால் முன்வரிசை மட்டுமே தெரியும்.
ஜீப்பில் வந்த அதிகாரி
கண்ணாடியை இறக்காமலே எழுதிப்போன கணக்கு
இருபத்திரண்டு.

"மேட்டுக்குப் பின்னால ஒரு தெருவே நீலம்டா.
என் வீடு எதுன்னே முதல்ல தெரியல.
ஆட்டை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

மரியேவிடம் பதினான்கு படங்கள் இருந்தன.
பதின்மூன்றில் கடல்.
ஒன்றின் ஓரத்தில், யூலாலியின் முழங்கைக்குக் கீழே,
சதுரம் சதுரமாய் நீலம்.
எத்தனை நீச்சல் குளங்கள் இந்த ஊரில் என்று
வியந்திருந்தாளாம்.
சொன்ன பிறகு
வெகுநேரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தாள் எந்தெந்த மேசை ஏறியது,
எங்கே தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது,
அது வேறு கதை, இன்னும் முடியவில்லை.
காற்று பலக்கிற நாளில்
இப்போதும் கரையைப் பார்த்து விசிலடிக்கிறோம்.
கூலி எழுபதாகிவிட்டது.
கடைசி எண்ணிக்கை ஐம்பத்தெட்டு.

சரி, ஐயா, தொண்ணூறு என்றா எழுதியிருக்கிறீர்கள்?
வாரை இறுக்குகிறேன், மூச்சை விடுங்கள்.
நூற்று நான்கு.
பரவாயில்லை,
இன்று காற்றும் கனம்தான்.