பத்தே முக்கால்

கிரிம்ஸ்பி. மீன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெரு.
அறுபத்தேழாம் எண் வீட்டுக்கு எதிரே
வேனை நிறுத்தியிருக்கிறேன்.
வீட்டைக் காலி செய்யவேண்டிய நேரம் பத்தே முக்கால்.
உத்தரவில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது,
ரயில் கிளம்பும் நேரம் மாதிரி.

பக்கத்து இருக்கையில் அமீனா டெஸ்மண்ட்
முட்டை சாண்ட்விச்சைப் பிரிக்கிறார்.
"தள்ளிவைக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாள்.
பத்து மணிக்கு விசாரணை.
போன் வரும்வரை டிரில்லைத் தொடாதே."

நான் பூட்டுக்காரன்.
நீதிபதி காகிதத்தில் எழுதுவதைக்
கதவில் எழுதுகிறவன்.

மனுவின் நகல் டெஸ்மண்டின் மடியில்.
வெண்ணெய்க் கறை படியாத பக்கத்தைப் படிக்கிறேன்.
காரணம் எழுதும் கட்டத்தில் நீல மையில்:
மீன் ஆலையில் ஷிப்ட் குறைத்துவிட்டார்கள்.
உதவித்தொகை ஐந்து வாரம் தாமதம்.
பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
வாடகைக்கு மேல் வாரம் இருபது பவுண்ட் கட்டுகிறேன்.
இருபதை அடித்துவிட்டு
மேலே சின்னதாகப் பதினைந்து.

அந்த அடித்தலை நீதிபதி பார்த்திருப்பாரா?
மனுவிலேயே பொய் சொல்ல முடியாத இடம் அது.

டெஸ்மண்டிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
அந்தக் கதவில் இருப்பது நான் பொருத்திய பூட்டு.
மூன்று வருடம் முன்பு, இரவு பதினொன்றுக்கு
தெல்மா ஓல்டர்ஷா கூப்பிட்டாள்.
"போனவன் திரும்பி வரக்கூடாது.
எது கெட்டியோ அதைப் போடு."
ஐந்து லீவர். முகப்பில் கடின எஃகுத் தகடு.
கூலியைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.
மற்றவனுக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.
எங்கே துளைக்கவேண்டும் என்று தெரிந்த எனக்குப்
பதினோரு நிமிடம்.

வீட்டுக்குள் மகன் மட்டும்.
பதினான்கு வயது இருக்கலாம்.
கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாக
வாசற்படியில் கொண்டுவந்து வைக்கிறான்.
தூறல் விழுகிறது.
ஒரு பையை மட்டும் உள்ளே எடுத்துப் போகிறான்.
எங்களைப் பார்க்கவே இல்லை.

பத்து முப்பத்தொன்று.
பத்து முப்பத்தெட்டு.
டெஸ்மண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறார்.
கடற்காகம் ஒன்று பைகளுக்கு நடுவே நடக்கிறது,
சொத்துக் கணக்கெடுக்க வந்ததுபோல.

பத்து நாற்பத்துநாலுக்குப் போன்.

"சரி. சரி. வாரம் பதினைந்தா. சரி."
பிறகு என்னிடம்:
"நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரத்து இல்லை.
ஒரு வாரம் தவறினாலும் மறுபடி நாம்தான்."

பையன் டெஸ்மண்டிடம் கேட்கிறான்:
"உள்ளே எடுத்துவைக்கலாமா?"
அனுமதி கேட்கிறான், தன் வீட்டு வாசலில் நின்று.

இரண்டு பைகளை நானும் தூக்கினேன்.
ஒன்று வெறும் தலையணை.
இன்னொன்று தகர டப்பாக்கள், பீன்ஸாக இருக்கவேண்டும்,
விரலை அறுத்தது.
சாவியைத் திருப்பும்போது பூட்டு லேசாகச் சிக்கியது.
எண்ணெய் வேனில் இருந்தது.
டெஸ்மண்ட் ஹாரன் அடித்தார்.

மதியம், பில் புத்தகம்:
வந்தேன். வேலை நடக்கவில்லை. பாதிக் கட்டணம்.
நாற்பத்தைந்து பவுண்ட்.
வீட்டுக்காரக் கம்பெனி கொடுக்கும்,
கொடுத்ததைச் செலவு என்று
அவள் பாக்கியோடு சேர்க்கும்.
அவளுடைய மூன்று வாரம்.

எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.