போச்

முதல் நாள் செஃப் "எக் போச்" என்றபோது
முட்டை ஏதோ விழுந்து போச்சு என்று
துணி எடுத்துக்கொண்டு ஓடினேன்.
மண்டபத்து விடுதியில்
என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்த முதல் காலை அது.

தண்ணீர் கொதிக்கக் கூடாது.
கொதிக்கப் போகிறேன் என்று
மிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
அரைக் கரண்டி வினிகர்.
கரண்டிக் காம்பால் ஒரு சுழி.
சுழியின் கண்ணில், கிண்ணத்தைச் சாய்த்து
முட்டையை வழுக்கி விட்டால்
வெள்ளை ஓடிவந்து மஞ்சளை மூடும்.
மூன்று நிமிடம்.
இப்போதெல்லாம் என் கையில் உடைவது
வாரத்துக்கு ஒன்று.

ஆறாம் மேசைக்காரர்
இங்கிலீஷ் பேப்பரை விரித்தபடி முட்டையை வெட்டினார்.
மஞ்சள் ஒரு சொட்டு செய்தியின் மேல்.
தட்டெடுக்கக் குனிந்தேன்.
எனக்குத் தெரிந்த அந்த ஐந்து எழுத்து.
மெனு கார்டில் அதற்கு ஒரு வால்,
இங்கே வேறு வால்.
இரண்டு வரி தள்ளி ஒரு படகு எண்.
அதன் கடைசி மூன்று இலக்கம்
தூக்கத்திலும் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் இன்னாசியை
முட்டையோடு ஏன் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்?

ரிசப்ஷன் சீனி நெய்னா போனில் தட்டினான்.
உடையாமல் நீரில் வேகவை, என்று வந்தது.
பிறகு,
அடுத்தவன் எல்லைக்குள் புகுந்து பிடி.
எனக்குக் காது அடைத்தது.
அவன் நிறுத்தாமல் வாசித்தான்:
அடுத்தவரிடம் வேலை செய்பவனை
ஆசை காட்டி இழுத்துக்கொள்.

அது தெரியும்.
போன சீசனில் பாக்கியராயன் முதலாளி
ஐம்பதாயிரம் முன்பணம் காட்டி
இன்னாசியைத் தன் விசைப்படகுக்கு இழுத்தார்.
அப்படியானால்
முதலில் பிடிபட்டது மீன் இல்லை.

ஈர நிலத்தை மாடு மிதித்துச் சேறாக்கினாலும்
இதே சொல்லாம்.
"மாட்டையும் விட்டுவைக்கல" என்றான் நெய்னா.
"வேர் பிரெஞ்சு, அக்கா. பை.
மஞ்சளுக்கு வெள்ளை பை.
களவாண்டதைப் போடவும் பை.
அப்படின்னு நினைக்கிறாங்களாம்."

பைக்கு எங்களிடம் மடி என்று ஒரு சொல் உண்டு.
இழுவை வலையின் கடைசியில்
மீன் வந்து முட்டுமே, அது மடி.
என் மகள் பஸ்ஸில் தூங்குவது மடி.
மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள்.
டீசலைக் கடனுக்குப் போட்டுப் போகிறவனுக்கு
கனமில்லாத மடியோடு திரும்புவதுதான் பயம்.
செத்துப்போ என்பதற்கும் அதே சொல்.
நெய்னாவிடம் அதை நான் சொல்லவில்லை.

இரவு பேசாலையிலிருந்து மெற்றில்டாவின் குரல்.
இங்கே முகாமில் இருந்தவரை
என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.
"உங்கட ரோலர் எங்கட வலையை அறுத்துக்கொண்டு போட்டுதடி.
நாலு லட்சம். கடன் வாங்கினது.
இன்னாசி அண்ணைக்காண்டி
மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."
ஒரே மூச்சில் இரண்டும்.
மூன்று முறை கேட்டேன்.
பதிலுக்கு அழுத்திய விரலை
ஒன்றும் பேசாமல் எடுத்துவிட்டேன்.
வெறும் இரைச்சல் இரண்டு வினாடி போய்விட்டது.
அதற்கும் நீல டிக் விழுந்தது.

வழக்கு இருபத்தெட்டுக்குத் தள்ளிவைப்பு.
வக்கீல் அனுப்பிய தாளிலும் அந்த ஐந்து எழுத்து,
நான்கு இடத்தில்.
எண்ணத்தான் முடிந்தது.

காலையில் ஆறாம் மேசை
அதையே கேட்கிறது, இரண்டு.
தண்ணீர் மிரட்டுகிறது.
சுழி போடுகிறேன்.
எதுவரை வெள்ளை, எங்கிருந்து தண்ணீர் என்று
அந்த முதல் நொடியில் யாருக்கும் தெரியாது.
ஒன்று மூடிக்கொண்டது.
இன்னொன்றின் மஞ்சள்
நூலாய்ப் பிரிந்து சட்டி முழுக்க ஓடியது.

செஃப் எட்டிப் பார்த்தார்.
"போச்சா?"

இந்த வாரத்துக்கானது, என்றேன்.