தூரமில்லாத வத்தை

விடிய இன்னும் ஒரு பீடி நேரம் இருக்கும்.
சின்னப்பாலத்துக் கரையில் வத்தையை இழுத்துப் பிடித்தபடி
கருமலையான் கேட்பான்,
எங்களைப் பார்த்தல்ல, நங்கூரத்தைப் பார்த்து:
"யாரும் தூரமா இருக்கீகளா?"

இல்லையென்போம் பதினோரு பேரும்.
இரண்டு வருசமாக இல்லையென்கிறோம்.
அணியத்தில் அவன் வைத்த சந்தனமும் குங்குமமும்
கேட்டுக்கொண்டிருக்கும்.
கணக்குத் தெரிந்தவன் உட்கார்ந்து பார்த்தால்
எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோயிருக்க வேண்டும்.
நம்புவள்ளிக்குப் பதினெட்டுதான்.
நடுவில் இரண்டு பேர் பிள்ளை பெற்றும் வந்துவிட்டார்கள்.
அது எப்படியென்று அவன் கேட்டதில்லை.

மகளிர் குழுத் தவணை செவ்வாய்க்கிழமை.
அதற்கு வீட்டுக்குத் தூரம் கிடையாது.
தீவுதான் தூரம்,
இன்ஜின் ஒழுங்காய் ஓடினால் ஒரு மணி நேரம்.

புருசனின் முழுக்கைச் சட்டை,
விரலுக்கு விரல் சுற்றிய கிழிசல்.
மூச்சைப் பிடித்துப் பாருக்குள் கைவிட்டு
மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்போது
கசிவது கசியும்.
கடல் ஒன்றும் கேட்டதில்லை.
உள்தொடையில் உப்பு எரியும்,
அது எந்நாளும்தான் எரியும்.

என்னுடையது பழைய ஊதாச் சேலை, எட்டாய்க் கிழித்தது.
வீட்டில் அதற்குக் கொடி இல்லை.
பாவாடைக்கு அடியில் ஒளிந்து காயும்.
வெயிலே பார்க்காத துணி.

ஐப்பசியில் ஒருநாள்
திரும்பும்போது வாடை எதிரே எழுந்தது.
பாசி மூட்டை பத்து, ஆள் பன்னிரண்டு.
அடிப்பலகை இடுக்கு விட்டுக் கொடுத்தது.
முதலில் பாதம், பிறகு கணுக்கால்.
சேசம்மா சோற்றுச் சட்டியால் இறைத்தாள்.
கருமலையான் தோள் துண்டைத் திணித்தான்,
தடிமன், உள்ளே போகவில்லை.
"துணி குடுங்கத்தா!
மெலிசா, நல்லாத் தேஞ்ச துணி!"

தேய்ந்த துணி
என் பைக்குள் இருந்தது,
அடுத்த மாற்றுக்கு மடித்து வைத்தது.
சேசம்மா என்னைப் பார்த்தாள்.
நம்புவள்ளி கடலைப் பார்த்தாள்.
நீட்டினேன்.

பல்லில் கடித்துக் கிழித்தான்.
எச்சில் தொட்டுத் திரித்தான்.
கத்தி முனையால் இடுக்கு நெடுக ஏற்றினான்.
தண்ணீர் நின்றது.
"நல்ல துணித்தா" என்றான்,
வாயோரத்து ஊதா நூலைத் துப்பிவிட்டு.

மறுநாள் அதன்மேல் தார் பூசினான்.
புதுப் பலகைக்குக் காசு வரட்டும் என்கிறான்,
இன்னும் வரவில்லை.

விடிய ஒரு பீடி நேரம்.
நங்கூரத்தைப் பார்த்துக் கேட்கிறான்.
இல்லையென்கிறோம்.
நம்புவள்ளிக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை,
இருமிப் பார்க்கிறாள், முந்தானையைக் கடிக்கிறாள்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்லண்ணே.
வத்தை இப்ப ஒழுகுறதே இல்ல."