நூற்றுப் பன்னிரண்டு மைக்ரான் ஆழத்தில்

டானிங்டன் மேட்டில் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது.
மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
கருவி மறுபடி சூடேற நாலு நிமிஷம்,
அதுவரை சவரியப்பன் தாடையை ஏந்தியில் வைத்தபடியே இருந்தார்.
எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கவாத்துக்காரர். ஒன்பது நாளைக்கு முன்
வெட்டிய மிலாறு ஒன்று தெறித்து வலக்கண்ணில்.
முதலில் விளக்கெண்ணெய் விட்டார்களாம்,
அப்புறம் மெடிக்கலில் கொடுத்த ஏதோ சொட்டு.
இப்போது கருவிழியில் அரிசி அளவுக்கு வெள்ளை.

மரக்க வைக்கும் மருந்து ஒரு துளி.
ஜெல் ஒரு பொட்டு.
கருவியின் மூக்கு விழியைத் தொடும்வரை
திருகை உருட்டுகிறேன்.
"கத்தி இருக்குமா?"
"இல்லண்ணே. வெளிச்சம் மட்டும்தான்."

வெளிச்சத்தால் சீவுகிறேன்,
ஏடு ஏடாக, ரத்தமில்லாமல்.
ஐந்தில் மேல்தோல் செல்கள், ஓடு பரப்பியதுபோல்.
ஐம்பது, நரம்புகள் ஓட வேண்டிய இடம்.
இவருக்கு அங்கே அறுந்த நூல் ரெண்டு.
எழுபது. தொண்ணூறு.
ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும்
படம் துள்ளி விலகுகிறது.
ஆட்டுக்கண் வைத்துப் பழகிய நாட்களில்
இந்தத் தொந்தரவு இருந்ததில்லை.

"மூச்சப் புடிக்கட்டுமா தம்பி?"
புடிச்சாலும் இதயம் நிக்காதே, விடுங்க.

நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன்.
சாம்பல் வெளியில் பளீரென்று கோடுகள்,
கிளைத்து,
கிளைத்த இடத்தில் மறுபடி கிளைத்து.
நரம்பல்ல. நரம்புக்கு இத்தனை அவசரம் கிடையாது.

என்ன நோய் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை.
எண் போட்டு
டாக்டர் ஹெலன் அறைக்கு அனுப்புவதோடு சரி.
திரையைத் திருப்ப மறந்துவிட்டேன்.
தாடையை எடுத்தவர் இடக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"இது எங்க எட்டாம் நம்பர் மலையில்ல?
வெட்டி முடிச்ச மறுநா இப்படித்தான் கெடக்கும்,
எலையே இல்லாம, வெறும் வாது வாதா."

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வெளி அது.
மூன்று வருஷமாக அதைப் பூஞ்சை இழை என்று மட்டுமே
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிளை பிரியும் கணு ஒன்றருகே
விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை.
"இங்க வெட்டுனா பக்கத்துல ரெண்டா வெடிக்கும்.
அடியோட எடுக்கணும்."

மணிக்கொரு சொட்டு, ராத்திரியும் எழுந்து விடணும்.
டாக்டர் எழுதிய சீட்டை
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
கடைசி வண்டி எப்போது என்று கேட்டார் சவரியப்பன்.
ஐந்தரை என்றேன். மஞ்சில் ஆறும் ஆகும்.

கருவியின் மூக்குறையைக் கழற்றி எறிந்தேன்.
திரையில் அந்த மலை அப்படியே நின்றது.
கவாத்து முடிந்த செடி
மூன்று மாதத்தில் துளிர்க்கும் என்பார்கள்.

இது துளிர்க்கக் கூடாது.