பட்லருக்கு ஒரு பட்டி

தீவாளிக்கு வந்த மனுசன்
புறக்கோட்டையில இருந்து மூணு சாமான் கொண்டாந்தாரு.
எனக்கு நைட்டி, நிலுக்ஷிக்குச் சப்பாத்து,
பட்லருக்குக் கழுத்துப்பட்டி.

பெட்டி முழுக்கச் சீன எழுத்து.
பட்டிக்கு உள்பக்கம் ரெண்டு இரும்பு மொட்டு,
தொண்டையத் தேடுற மாதிரி.
தனியா ஒரு ரிமோட்டு,
ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் கரண்ட்டு.
எட்டாயிரத்தி ஐந்நூறாம்.
ஆறு நாள் பேரு அதுக்குள்ள இருக்கு.

நாய் செஞ்ச குத்தமும் கொஞ்சமில்ல.
வாசல்ல நிக்காம நேரா அடுப்படிக்குப் போகும்,
அதனாலதான் அந்தப் பேரே வச்சது.
அந்தோனியம்மா கூட்டுல முட்டை,
கோதுமை மா சாக்குல மூத்திரம்,
புதுச் சப்பாத்துல இடது கால்,
அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு
எதுக்குன்னே தெரியாத ஒரு குரைப்பு.
பன்னெண்டு காம்பராவும் முழிச்சுக்கும்.
பொகவந்தலாவ பனியில
இருமலே சுவரு தாண்டும், குரைப்பு தாண்டாதா?

“மொதல்ல பீப். கேக்கலைன்னா கரண்ட்டு”ன்னு
வெளிக்கள உத்தியோகத்தர் மாதிரி வெளங்கப்படுத்துனாரு.
பன்னெண்டுல வச்சாரு.
பட்லர் சாக்குகிட்டப் போச்சு,
காலத் தூக்குச்சு,
வீல்னு ஒரு சத்தம்.
கடிச்சது யாருன்னு திரும்பி
சாக்கத்தான் மோந்து பாத்துச்சு.
அன்னைலருந்து
மா சாக்குக்குப் பல்லிருக்குன்னு நம்பிருச்சு.

அவரு தூங்குனதுக்கப்புறம்
பட்டிய என் மணிக்கட்டுல கட்டிப் பாத்தேன்.
பன்னெண்டு: முழங்கை வரைக்கும் எறும்பு.
இருவது: ரிமோட்டு எங்கன விழுந்துச்சுன்னு
இருட்டுல தடவித் தேடுனேன்.
நாய் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.
வெக்கமா இருந்துச்சு எனக்கு.

மூணாம் நாள் கரண்ட்டே வேணாம்,
பீப் மட்டும் போதும்.
நான் ரொட்டிக்கு மா பெசஞ்சுக்கிட்டிருக்கேன்,
அவரு அழுத்துறாரு:
பீப்.
பட்லர் ஒரு காலத் தூக்குனபடி நின்னுச்சு.
மாவுக்குள்ள என் கையும் நின்னுச்சு.

எங்க கேட்டேன் இத, எங்க கேட்டேன்னு
மறுநாள் மலையேறும்போதெல்லாம் ரோசனை.
சாயங்காலம்
கொழுந்து நிறுக்குற எடத்துல
படங்க அவுத்துத் தராசுல மாட்டுனேன்.
பீப்.
பதினாறு கிலோ, தொள்ளாயிரம்.
பதினெட்டு இல்ல.
பென்சில் என் பேர்ல கொஞ்சம் நின்னு
“அரைப்பேர்”னு எழுதுச்சு.
யாரும் ஒண்ணும் சொல்லல.
கழுத்து தானாக் குனிஞ்சுச்சு.

அவருகிட்ட இதச் சொல்லல.
சொன்னா “ஒனக்கும் ஒண்ணு வாங்கவா?”ம்பாரு.
வேடிக்கைக்குத்தான் சொல்லுவாரு.

லீவு முடிஞ்சு போகையில
ரிமோட்ட என் கையில வச்சு,
“விட்டுறாத, மறந்துரும்”னாரு.
சீனி டப்பாவுக்குப் பின்னால போட்டேன்.
பேட்டரி அங்கனயே செத்துச்சு.
பட்டிய அவுத்தா
மொச்சைக்கொட்டை அளவுல ரெண்டு எடம்,
மயிரு இல்லாம, செவப்பா.
மஞ்சள் வச்சேன். நக்க எட்டல அதுக்கு.

அந்தோனியம்மா ரெண்டு முட்டை கொண்டாந்து குடுத்து
“இப்பத்தான் நாய் மனுசன் மாதிரி இருக்கு”ன்னா.
சந்தோசமாத்தான் சொன்னா.
முட்டைய வாங்கிக்கிட்டேன். பொரிச்சோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு இப்ப
குரைப்பு இல்ல. ஆனாலும் முழிப்பு வருது.
நிலுக்ஷியும் முழிச்சுக் கெடக்கா,
ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.

நேத்து
வாசப்படியில ஒரு நெத்தலி வச்சேன்.
வேணும்னே, நல்லது ஒண்ணா எடுத்து.
பட்லர் நெத்தலியப் பாக்கல,
என் கையப் பாத்துச்சு.
ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனேன்,
கொழுந்துக் கறையத் தவிர ஒண்ணுமில்ல.
சாப்புடுடா, ராசா, சாப்புடு.
உக்காந்தே இருந்துச்சு.

பீலிப் பக்கமிருந்து ஒரு காக்கா வந்து
எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.
காக்காவுக்கு யாரும் பட்டி வாங்கித் தரல.